காளான் கணக்கு: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் மலேசியாவின் மழைக்காலக் காளான்களின் படங்களை வெளியிட்டு, "இந்த நாட்டில் இன்னும் பெயர் வைக்கப்படாத பூஞ்சைகள் பல ஆயிரம் இருக்கலாம்" என்று படத்தின் அடியில் ஒரு வரி எழுதியிருந்தோம். படங்களைவிட அந்த வரிதான் வாசகர்களை உறுத்தியிருக்கிறது. வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

"பல ஆயிரம் இருக்கலாம்" என்கிறீர்கள். கண்ணால் பார்க்காததை எப்படி எண்ணுவது? வாசலில் கிடக்கும் செருப்பை எண்ணி, வீட்டுக்குள் இத்தனை பேர் என்று சொல்வது மாதிரி இருக்கிறதே!
– செந்தூல் வாசகர்

செருப்பு உவமை நீங்கள் நினைப்பதைவிட நன்றாகப் பொருந்துகிறது. நாம் பார்க்கும் காளான் குடை, பூஞ்சை வாசலில் கழற்றிவிட்ட செருப்புதான். அதன் உடம்பு மெல்லிய நூலிழைகளாக மண்ணுக்குள்ளும் மட்கிய கட்டைக்குள்ளும் பச்சை இலைக்குள்ளும் பரவிக் கிடக்கிறது. வெறுங்காலோடு உள்ளே போனவர்களும் உண்டு. கண்ணுக்குத் தெரிகிற குடை விடாத பூஞ்சைகளே பெரும்பான்மை. ஆகவே செருப்பை மட்டும் நம்பாமல், வீடு எவ்வளவு பெரிது என்றும் பார்க்கிறார்கள். பூஞ்சைக்கு வீடு என்பது பெரும்பாலும் தாவரம்.

இந்த வழியில் பேர்பெற்ற கணக்கைப் போட்டவர் பிரிட்டிஷ் பூஞ்சை ஆய்வாளர் டேவிட் ஹாக்ஸ்வர்த். பூஞ்சைகளை நூற்றாண்டுகளாகத் துருவிப் பார்த்த நாடு பிரிட்டன். அங்கே ஒரு தாவர இனத்துக்கு ஏறத்தாழ 6 பூஞ்சை இனம் என்ற விகிதம் அவருக்குக் கிடைத்தது. உலகில் 270,000 தாவர இனங்கள் என்று வைத்து ஆறால் பெருக்கினால் 16 லட்சத்துக்குச் சற்று மேலே வரும். கொஞ்சம் அடக்கி, 15 லட்சம் என்று 1991இல் எழுதினார். 2017இல் அவரும் ராபர்ட் லூக்கிங்கும் சேர்ந்து அதை 22 முதல் 38 லட்சம் என்று உயர்த்தினார்கள். லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கை 25 லட்சம் என்கிறது. அதில் பெயர் பெற்றவை ஒரு லட்சத்து 55 ஆயிரம், நூற்றுக்கு ஆறு.

இதையே நம் நாட்டுக்குப் போட்டுப் பாருங்கள். மலேசியாவில் தாவரங்கள் சுமார் 15,000 இனம். ஆறால் பெருக்கினால் 90,000 பூஞ்சை. பனை வகைகளில் வாழும் பூஞ்சைகளை ஆராய்ந்த ஃப்ரோலிச், ஹைட் இருவரும் வெப்பமண்டலத்துக்கு 33 என்ற விகிதமே பொருந்தும் என்று 1999இல் எழுதினார்கள். அதை அப்படியே எடுத்தால் நம் கணக்கு ஐந்து லட்சத்தைத் தொட்டுவிடும். இதை நாங்கள் ஏற்பதில்லை. பனையில் வாழும் பூஞ்சை பக்கத்து மூங்கிலிலும் வாழலாம். விகிதத்தைக் கண்மூடிப் பெருக்கினால் ஒரே ஆளை நாலு வீட்டில் எண்ணியது போலாகும்.

எதிர்ப்பக்கமும் ஒரு கணக்கு உண்டு. உலகம் முழுக்க 365 இடங்களின் மண்ணை ஆராய்ந்து, லேஹோ டெடர்சூவின் குழு 2014இல் கண்டது இது: நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கத் தாவர இனங்கள் பெருகுகிற வேகத்தில் பூஞ்சை இனங்கள் பெருகுவதில்லை. அதனால் குளிர்நாட்டு விகிதத்தை வைத்து உலகுக்குக் கணக்குப் போட்டால் ஒன்றரை முதல் இரண்டரை மடங்கு வரை மிகையாகிவிடலாம் என்றார்கள். அந்த மிகையை நம் 90,000இலிருந்து கழித்தால் 36,000 முதல் 60,000 வரை நிற்கும். இது நாங்கள் இங்கே உட்கார்ந்து போட்ட தோராயக் கணக்கு. 36,000 என்றாலும் 90,000 என்றாலும் "பல ஆயிரம்" என்று நாம் எழுதியது குறைவாகச் சொன்னதுதான்.

நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தெரியாது என்றால், காட்டில் குனிந்து எடுப்பதெல்லாம் புதிய இனமாக இருக்க வேண்டுமே? ஆய்வாளர்கள் எடுத்து வருகிற பட்டியலில் பாதிக்கு மேல் பழைய பெயர்களாகத்தானே இருக்கின்றன?
– பங்சார் வாசகர்

இதே கேள்வியைச் சூழலியலாளர் ராபர்ட் மே 1991இலேயே ஹாக்ஸ்வர்த்தைப் பார்த்துக் கேட்டார். நியாயமான கேள்வி. விடையில் இரண்டு பகுதி உண்டு.

முதலாவது, குனிகிறவர் எதை எடுக்கிறார் என்பது. பாதையோரம் செத்த கிளையில் ஒட்டியிருக்கும் விசிறிக் காளான், மலாய்க்காரர்கள் சமைக்கும் செண்டாவான் குக்கூர், உலகின் பல மூலைகளிலும் கிடைப்பது. அதை எத்தனை முறை எடுத்தாலும் பழைய பெயர்தான். பரவலான இனங்கள் அடிக்கடி கையில் சிக்கும், அரிதானவை சிக்காது. எடுத்ததில் எவ்வளவு புதிது என்பதை வைத்து, காட்டில் எவ்வளவு புதிது என்று சொல்ல முடியாததற்கு இதுவே காரணம்.

இரண்டாவது, பெயர் சூட்டுகிற கை. ஐரோப்பியக் கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு நம் காளானைப் பார்த்தால், அதில் உள்ள படங்களில் எது நெருக்கமோ அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். புலிப்பால் காளானை எடுத்துக்கொள்ளுங்கள், மலாயில் சூசு ஹரிமாவ். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கைப் பொடியாக்கி இருமலுக்கும் இளைப்புக்கும் காலங்காலமாக விற்றுவந்தார்கள். எல்லாம் லிக்னோசஸ் ரைனோசிரஸ் என்ற ஒரே இனம் என்றுதான் இங்கே எல்லாரும் நினைத்திருந்தார்கள். 2013இல் தீபகற்ப மலேசியாவிலிருந்து மேலும் இரண்டு இனங்கள் பிரித்தெடுக்கப்பட்டன: லிக்னோசஸ் டைகிரிஸ், லிக்னோசஸ் கேமரனென்சிஸ். மருந்துக்கடைப் புட்டியில் வந்த பொருளுக்கே இந்த நிலை என்றால், யாரும் விலைக்கு வாங்காத காளானைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பழக்கப்பட்ட கண்ணோடு ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் தேடினால் படம் மாறிவிடுகிறது. நெகிரி செம்பிலானின் பாசோ காட்டில் மெரந்தி வகை மரங்களின் வேரோடு கூட்டு வாழ்க்கை நடத்தும் காளான்களை 1990களில் பல ஆண்டுகள் சேகரித்தார்கள். 296 இனங்கள் கிடைத்தன. பாதிக்கும் மேல், எந்தப் பெயருக்குள்ளும் அடங்காதவை. கண்ணுக்கு நன்றாகத் தெரியும் பெரிய காளான்களின் கதை இது. இலைக்குள் வாழும் பூஞ்சைகளில் இன்னும் மோசம். பனாமாவில் இரண்டே மர இனங்களின் 83 நலமான இலைகளிலிருந்து, வளர்ப்புத் தட்டில் தோற்றத்தால் வேறுபட்ட 418 வகைப் பூஞ்சைகள் வந்தன. ஆய்வு வெளியான ஆண்டு 2000. இலையில் ஒரு புள்ளியும் இல்லை, வாட்டமும் இல்லை. பார்ப்பதற்கு வெறும் பச்சை இலை.

தோட்டத்தில் 30 வருடம் வேலை செய்தவன் நான். பால்மரத்தில் வெள்ளை வேர் நோய், செம்பனையில் அடித்தண்டு அழுகல் – இவற்றுக்குக் காரணமான காளான்கள் எங்களுக்கு நன்றாகத் தெரியும். "தெரிந்த இனங்கள்" எத்தனை என்றாவது உறுதியாகச் சொல்லுங்கள்.
– நிபோங் தெபால் வாசகர்

ஐயா, தெரிந்தது எத்தனை என்பதில்தான் சிக்கல் அதிகம். கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகம் 2012இல் மலேசியப் பூஞ்சைகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. அதில் ஏறத்தாழ 4,000 இனங்கள். மேலே சொன்ன 36,000 – 90,000 உடன் வைத்துப் பார்த்தால் நூற்றுக்கு 4 முதல் 11 வரை. ஆனால் அந்த நாலாயிரமும் கல்வெட்டு அல்ல.

உங்கள் பால்மரத்தையே எடுத்துக்கொள்வோம். வேரின் மேல் வெள்ளைக் கயிறு போல ஓடி, தூரில் ஆரஞ்சு நிறத் தட்டுக் காளான் விடுமே, அது 1904இல் சிங்கப்பூரில் தாவரவியலாளர் ரிட்லி கண்டபோது ஃபோமெஸ் செமிடோஸ்டஸ். பிறகு ஃபோமெஸ் லிக்னோசஸ். பிறகு ரிஜிடோபோரஸ் லிக்னோசஸ். இப்போது ரிஜிடோபோரஸ் மைக்ரோபோரஸ். மரத்தைச் சாய்த்தது ஒரே பூஞ்சை. பழைய ஏடுகளைப் புரட்டிப் பெயர்களை மட்டும் எண்ணினால் நான்கு. செம்பனையில் நடந்தது இதற்கு நேர்மாறு. அடித்தண்டு அழுகலுக்குக் காரணம் கானோடெர்மா லூசிடம் என்று முன்பு எழுதினார்கள். அது ஐரோப்பாவில் விவரிக்கப்பட்ட இனம். இன்று பெரும்பாலும் கானோடெர்மா போனினென்ஸ் என்று ஏற்றிருக்கிறார்கள். பழைய பதிவில் "லூசிடம்" என்று கண்டால், உண்மையில் அங்கே இருந்தது எது என்று உலர்ந்த மாதிரியை எடுத்துப் பார்க்காமல் சொல்ல முடியாது. அந்த மாதிரிகள் எல்லாம் இங்கேயே இருப்பதும் இல்லை. சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தில் பணியாற்றி, இந்தப் பகுதியின் காளான்களைப் பற்றித் தடித்தடியாக எழுதிய கார்னரின் சேகரிப்பைப் பார்க்க வேண்டுமென்றால் எடின்பரோவுக்குத்தான் எழுத வேண்டும்.

இன்னொரு வில்லங்கம், இரட்டைப் பெயர். ஒரு பூஞ்சை பாலினப் பெருக்க நிலையில் ஒரு தோற்றமும், அதில்லாத நிலையில் வேறொரு தோற்றமும் காட்டும். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துக்கொள்ள அறிவியல் பெயர் சூட்டும் விதிகளே இடம் கொடுத்தன. மாம்பழத்தில் கறும்புள்ளி விழச் செய்கிற பூஞ்சை, ஒரு நிலையில் குளோமெரெல்லா சிங்குலாட்டா, மறு நிலையில் கொலெட்டோட்ரிக்கம் கிளியோஸ்போரியாய்டஸ். ஒரு பூஞ்சைக்கு ஒரே பெயர் என்று 2011இல் மெல்பர்னில் நடந்த பன்னாட்டுத் தாவரவியல் மாநாட்டில் முடிவெடுத்தார்கள். அப்பாடா, கணக்கு குறைந்தது என்று நினைப்பதற்குள், மறு ஆண்டே அதே கொலெட்டோட்ரிக்கம் கூட்டத்தை மரபணு வழியே ஆராய்ந்து 22 இனங்களாகப் பிரித்துவிட்டார்கள்.

நீங்கள் சொன்னதில் ஒன்று முழுக்கச் சரி: தோட்டத்துக்கு நட்டம் தருகிற பூஞ்சைகளைப் பற்றித் தெரிந்த அளவுக்கு, காட்டுப் பூஞ்சைகளைப் பற்றித் தெரியாது. பணம் போன இடத்தில்தான் ஆராய்ச்சியும் போனது.

படிவம் நான்கு அறிவியல் கழகத்துக்காகப் பள்ளிக்குப் பின்னால் உள்ள சிறு காட்டில் காளான் கணக்கெடுக்க விரும்புகிறோம். கொடிமலை அடிவாரம்; மரங்கள் அடர்த்தி. எப்படித் தொடங்குவது? "இன்னும் பார்க்காதது எத்தனை" என்று எங்களாலும் சொல்ல முடியுமா?
– ஆயர் ஈத்தாம் மாணவியர் மூவர்

முடியும். பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் சதுரம் ஒன்றைக் கயிறு கட்டிக் குறியுங்கள். இரு வாரத்துக்கு ஒருமுறை, மழை பெய்த இரண்டு மூன்று நாள் கழித்து, ஆறு மாதம் போங்கள், 12 முறை. பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி மழை குறைந்த மாதங்கள். ஜூன் அல்லது ஜூலையில் தொடங்கினால் செப்டம்பர், அக்டோபர் மழை நடுவில் வந்துவிடும். ஒவ்வொரு முறையும் அதே நேரம், ஒரு மணி நேரம், அதே மூவர் தேடுங்கள். ஒரு நாள் மூவரும் மறுநாள் முப்பது பேரும் போனால், கூடியது காளானா கண்களா என்று பிறகு பிரிக்க முடியாது.

கண்டதும் பிடுங்காதீர்கள். பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, அடிப்பக்கத்தைக் காட்ட ஒன்று, மூன்று படம். எதில் முளைத்தது என்பதைக் கட்டாயம் எழுத வேண்டும்: மண்ணா, இலைச் சருகா, கட்டையா, சாணமா. பிறகு கத்தியால் அடியோடு கெல்லி எடுங்கள். தண்டின் அடியில் ஒரு பை போன்ற உறை இருந்தால், அது நச்சு மிகுந்த அமானிட்டா கூட்டத்தின் அடையாளமாக இருக்கலாம். மேலே கிள்ளி எடுத்தால் அந்த அடையாளம் மண்ணுக்குள்ளேயே போய்விடும். வெட்டிப் பார்த்து நிறம் மாறுகிறதா, பால் வடிகிறதா, என்ன மணம் என்று அங்கேயே குறியுங்கள். வீட்டுக்கு வருவதற்குள் மணம் போய்விடும். பிளாஸ்டிக் பையில் போட்டால் நம் வெக்கைக்கு அரை நாளில் கூழாகும். மெழுகுத்தாளிலோ அலுமினியத் தாளிலோ மிட்டாய் சுற்றுவது போலச் சுற்றி, கூடையில் வையுங்கள்.

காய வைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அடுப்பு ஓவனின் மிகக் குறைந்த சூடே காளானை வேகவைத்துவிடும். வெயிலை நம்பினால் நாலு மணி இடிமழை வரும். பழம் உலர்த்தும் சிறு மின்கருவி போதும். 40 முதல் 45 டிகிரியில் இரவு முழுக்க வையுங்கள், தடித்ததைத் துண்டாக்கி வையுங்கள். அப்பளம் போல நொறுங்க வேண்டும். வளைந்தால் இன்னும் காயவில்லை. காய்ந்ததும் ஆற விடாமல், ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிப் பொட்டலத்தோடு ஜிப் பையில் அடைத்து எண் போடுங்கள். அரை மணி நேரம் மேசையில் விட்டாலே நம் காற்று அதை மறுபடி நனைத்துவிடும். புழு, பூச்சி முட்டை சாக, பையை ஒரு வாரம் உறைபெட்டியில் வைத்து எடுப்பது நல்லது.

இனி கணக்கு. எத்தனை குடை முளைத்தது என்று எண்ண வேண்டாம். ஒரு கட்டையில் நாற்பது குடை இருந்தாலும் அந்த நாளுக்கு அது ஒரு பதிவுதான். ஆறு மாதம் கழித்து மூன்று எண்கள் வேண்டும்: மொத்தம் எத்தனை வகை, அவற்றில் ஒரே ஒரு முறை மட்டும் கண்டது எத்தனை, இரண்டே முறை கண்டது எத்தனை. ஒரு முறை மட்டும் தலைகாட்டியவை அதிகமாக இருந்தால், தலையே காட்டாதவையும் அதிகம் என்று பொருள். ஆன் சாவ் என்ற புள்ளியியலாளர் இந்த யோசனையை வாய்பாடாக்கினார். ஒருமுறைக்காரர்களின் எண்ணை அதே எண்ணால் பெருக்குங்கள். இருமுறைக்காரர்களின் எண்ணை இரட்டிப்பாக்கி, அதால் வகுங்கள். போன தடவைகள் 12 என்றால், வந்த விடையை 11/12ஆல் பெருக்குங்கள். அதுதான் பார்க்காததன் மதிப்பீடு.

உதாரணத்துக்கு, 48 வகை கண்டீர்கள். 22 ஒருமுறை, 8 இருமுறை என்று வைத்துக்கொள்வோம். 22 × 22 = 484. அதை 16ஆல் வகுத்தால் 30.25. 11/12ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 28. ஆக மொத்தம் 76. நீங்கள் கண்டது அதில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு. இது குறைந்தபட்ச மதிப்பீடு என்பதை மறக்காதீர்கள். "குறைந்தது 76" என்றுதான் எழுத வேண்டும்.

இப்போது ஒரு பிழையைப் புகுத்திப் பார்ப்போம். அந்த 22இல் நான்கு, ஏற்கெனவே பலமுறை கண்ட காளான்களின் மொட்டோ, மழையில் வெளுத்த கிழமோ என்று பிறகு தெரிகிறது. வகை 44, ஒருமுறை 18. மறுபடி போட்டால் 63 வரும். நான்கு மொட்டைத் தவறாகப் படித்ததற்கு மொத்தம் பதின்மூன்று கூடியிருக்கிறது! ஆகவே ஒருமுறை மட்டும் கண்டவற்றை ஒன்றுவிடாமல் மறுபடி சோதித்த பிறகே கணக்குப் போடுங்கள். இருமுறை கண்டது ஒன்றுமே இல்லாவிட்டால் பூச்சியத்தால் வகுக்க நேரும். அப்போது 22 × 22க்குப் பதில் 22 × 21 என்று பெருக்கி, கீழே இருமுறை எண்ணோடு ஒன்றைக் கூட்டி இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

வீட்டு முன் புல்தரையில் மழைக்குப் பின் தட்டுப் போன்ற பெரிய வெள்ளைக் காளான் வட்டமாக முளைக்கிறது. ஊரில் அம்மா ஆய்ந்து சமைத்த புற்றுக்காளான் மாதிரியே இருக்கிறது. வெள்ளிக் கரண்டி போட்டுச் சமைத்துக் கறுக்காவிட்டால் சாப்பிடலாம் என்கிறார்கள். உண்மையா?
– கெப்போங் வாசகி

பொய். வெள்ளி கறுப்பதற்கும் காளான் நஞ்சுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. புல்தரையில் வட்டம் கட்டி முளைக்கும் பெரிய வெள்ளைக் காளான் என்றால் எங்களுக்கு முதலில் வருகிற சந்தேகம் குளோரோபில்லம் மொலிப்டைட்டிஸ். சாப்பிட்ட ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஆளைப் புரட்டிவிடும். புற்றுக்காளான் கறையான் வளர்க்கிற டெர்மிட்டோமைசிஸ். அதன் தண்டு வேர் போல மண்ணுக்குள் இறங்கிக் கறையான் கூட்டில் முடியும். உங்கள் புல்தரையில் புற்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அடையாளம் காண ஒரு எளிய சோதனை, வித்துப் பதிவு: காளான் உதிர்க்கிற வித்துப் பொடியின் நிறத்தைப் பார்ப்பது. தண்டை வெட்டிவிட்டு, செதில் உள்ள அடிப்பக்கம் கீழே இருக்கும்படி குடையைக் கண்ணாடித் துண்டின் மேல் வையுங்கள். தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஒரு கிண்ணத்தால் மூடிவிடுங்கள். ஏர்கோன் அறையில் மூடாமல் வைத்தால் காய்ந்துபோய் ஒன்றும் விழாது. நாலு முதல் எட்டு மணி நேரம். மூடியை எடுத்தால் செதில்களின் கோடு பிசகாமல் ஒரு பொடிக்கோலம் இருக்கும். கண்ணாடி ஏன் என்றால், வெள்ளைத் தாளில் வெள்ளைப் பொடி விழுந்தால் தெரியாது. கண்ணாடியை வெள்ளை மேலும் கறுப்பு மேலும் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். மொலிப்டைட்டிஸின் பொடி மங்கிய பச்சை. புற்றுக்காளானுடையது இளஞ்சிவப்பு. மொட்டு விரியாததும் கிழடு தட்டியதும் பொடி விடாது. அப்போது "ஒன்றும் விழவில்லை, அதனால் நஞ்சில்லை" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பச்சைப் பொடி விழாத நச்சுக் காளான்களும் ஏராளம். சமையலுக்குப் பாசாரில் சிப்பிக்காளான் வாங்குங்கள்.

குடைக்காகக் காத்திராமல் மண்ணை அள்ளி டி.என்.ஏ. பார்த்தால் எல்லாப் பூஞ்சையும் தெரிந்துவிடாதா? பிறகு எதற்கு இந்தப் பழைய முறை?
– பாயான் லெப்பாஸ், பல்கலைக்கழக மாணவர்

நிறையத் தெரியும், எல்லாமும் அல்ல. சில வேளை இல்லாததும் தெரியும்.

பூஞ்சைக்கு அடையாள அட்டையாக 2012இல் முன்மொழியப்பட்டது டி.என்.ஏ.வில் ஐ.டி.எஸ். என்ற பகுதி, பெரும்பாலும் 500 – 700 மரபணு எழுத்து நீளம். சருகை ஒதுக்கி மேல் 5 சென்டிமீட்டர் மண்ணைப் பல இடத்தில் எடுத்து, கலந்து, சலித்து, கால் கிராம் அளவில் டி.என்.ஏ. பிரிப்பார்கள். கால் கிராம் என்பது ஒரு சிட்டிகை உப்பு. அதனால்தான் பல இடத்து மண்ணைக் கலக்க வேண்டியிருக்கிறது. நம் காட்டு மண்ணில் மட்கு அமிலம் அதிகம். பிரித்த டி.என்.ஏ.வைப் படியெடுத்துப் பெருக்குகிற வினையை அது முடக்கிவிடும். ஒன்றும் பெருகவில்லை என்றால் மண்ணில் பூஞ்சை இல்லை என்று எழுதிவிடாதீர்கள். டி.என்.ஏ.வைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டுங்கள். மண்ணே போடாத வெற்றுக் குழாய் ஒன்றை ஒவ்வொரு தடவையும் உடன் ஓட்ட வேண்டும். அதிலும் பூஞ்சை தெரிந்தால் அது உங்கள் ஆய்வகத்துப் பூஞ்சை.

வந்த டி.என்.ஏ. எழுத்து வரிசைகளை நூற்றுக்கு 97 ஒத்துப்போனால் ஒரு கூட்டம் என்று அடுக்குவது வழக்கம். இந்த 97 இயற்கை வகுத்த கோடு அல்ல. கொலெட்டோட்ரிக்கம், ஃபுசாரியம் போன்றவற்றில் வெவ்வேறு இனங்களுக்கு ஐ.டி.எஸ். ஏறத்தாழ ஒன்றே, பத்து இனம் ஒன்றாகச் சுருங்கும். வேறு சிலவற்றில் ஒரே உடலுக்குள்ளேயே இந்தப் பகுதியின் பிரதிகள் வேறுபடும். ஒரு இனம் இரண்டாக விரியும். கருவியின் எழுத்துப்பிழை ஒவ்வொன்றும் "ஒருமுறை மட்டும் கண்டது" என்று வேடம் போட்டு வரும். மேலே மாணவியருக்குச் சொன்ன வாய்பாட்டில் அதைப் போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே ஒற்றை வரிசைகளை முதலில் களைந்துவிடுவார்கள். களைந்தபின் வரிசைகளின் எண்ணிக்கையை அந்த வாய்பாட்டுக்குத் தீனியாகப் போட முடியாது; மாதிரிக்கு மாதிரி இருப்பதையும் இல்லாததையும் வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். செத்த பூஞ்சையின் டி.என்.ஏ.வும் மண்ணில் தங்கும். செருப்பு கிடக்கிறது, ஆள் எப்போதோ போய்விட்டார்.

எல்லாவற்றுக்கும் மேலே, வரிசைக்குப் பெயர் வைக்க முடியாது. பெயருக்கு ஒரு மாதிரி வேண்டும். உலர்ந்த உடலாக ஏதாவதொரு சேகரிப்பில் இருக்க வேண்டும். மண் ஆய்வுகளில் தென்பட்டும் பெயரற்றே கிடக்கும் வரிசைக் கூட்டங்கள் மலைபோல் குவிந்திருப்பது இதனால்தான். அந்தக் குவியலுக்கும் பெயர்ப் பட்டியலுக்கும் பாலம் போடுவது, காட்டில் குனிந்து எடுத்து, உலர்த்தி, அதன் வரிசையையும் படித்துவைக்கிற பழைய ஆள்தான்.

பாறையில் ஒட்டிய பச்சைப் படிவங்களும் இந்தக் கணக்கில் சேருமா?
– பட்டர்வொர்த் வாசகர்

பாசி என்றால் சேராது. பூஞ்சையும் பாசியும் கூடி வாழ்கிற லைக்கன் என்றால் சேரும். அதன் அறிவியல் பெயரே உள்ளிருக்கும் பூஞ்சைக்குரியதுதான். லிட்டில் இந்தியா மளிகைக் கடையில் பட்டை, இலவங்கத்தோடு வாங்குகிற கல்பாசி லைக்கன். பிரியாணியில் பூஞ்சை போடுகிறோம்.

காட்டிலிருந்து காளான் எடுத்து வர அனுமதி வேண்டுமா?
– பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகி

படம் எடுக்கப் பொதுவாக அனுமதி வேண்டியதில்லை. காளானை எடுத்து வர அனுமதி வேண்டும். வனக்காப்பகம் என்றால் மாநில வனத்துறையிடம், பூங்கா என்றால் அதன் நிர்வாகத்திடம் கேளுங்கள். ஆராய்ச்சிக்கோ வணிகத்துக்கோ என்றால், 2017ஆம் ஆண்டின் உயிரியல் வள அணுக்கச் சட்டம் (சட்டம் 795) 2020 டிசம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. சபா, சரவாக்கில் தனிச் சட்டம். பள்ளி வளாகத்துக்குள் என்றால் தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

நான் எடுத்தது புதிய இனம் என்று உறுதியானால் என் பெயரையே வைக்கலாமா?
– செந்தூல், இன்னொரு வாசகர்

முதலில் வேலையை முடியுங்கள். மாதிரியைப் பொதுச் சேகரிப்பு ஒன்றில் வைக்க வேண்டும். அதைத்தான் மூலமாதிரி என்று வெளியீட்டில் குறிப்பிட வேண்டும். 2012 முதல் லத்தீனுக்குப் பதில் ஆங்கிலத்திலும் விவரிப்பு எழுதலாம். 2013 முதல், மைக்கோபேங்க் போன்ற பதிவகத்தில் பெயருக்கு எண் வாங்காமல் வெளியிட்டால் செல்லாது. நுண்நோக்கியில் ஆயிரம் மடங்கில் இருபது முப்பது வித்துகளையாவது அளந்து காட்டாமல், பெயர் பெற்ற இதழ்கள் கட்டுரையை எடுக்காது.

பெயரைப் பொறுத்தவரை தாராளம் உண்டு. சரவாக்கின் லம்பீர் மலையில் கிடைத்த ஆரஞ்சு நிறப் பஞ்சுக் காளானுக்கு 2011இல் ஸ்பாஞ்சிஃபார்மா ஸ்குவேர்பான்ட்சியை என்று பெயரிட்டார்கள். தொலைக்காட்சியில் வருகிற அதே சதுரக் காற்சட்டைக்காரர்தான். தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதி இல்லை, ஆனால் யாரும் செய்வதில்லை. கூட்டாகக் கட்டுரை எழுதுகிற நண்பர் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்த காளானுக்கு அவர் பெயரை நீங்கள் வைக்கலாம்.